ஒரு ரூமுக்கு எத்தனை ஆதார்?

என் தம்பி மகனுக்கும் எனக்கும் மூன்று மாதமாகச் சண்டை. பேச்சு நிற்கவில்லை. வீட்டுக்கு வருகிறான், காபி குடிக்கிறான், பேரனோடு விளையாடுகிறான். ஆனாலும் சண்டை சண்டைதான். இதை எழுதப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க பெரியப்பா, ஆனா ஹோம்ஸ்டே பேர மட்டும் போட்டுடாதீங்க" என்றான். போடவில்லை.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. கிரிவலம் வருகிறவர்களுக்குக் கால் வலிக்க ஆரம்பிக்கும் இடம் என்று சொன்னால் சட்டென்று புரியும். என் சின்ன வயதில் வெளியூர்க்காரர் யாராவது தங்க வேண்டுமென்றால் திண்ணைதான். இப்போது வீட்டுக்கு வீடு 'ரூம் ஸ்டே', 'ஹோம்ஸ்டே'. தம்பி மகனும் பூர்வீக வீட்டின் பின்கட்டை இடித்து நான்கு ரூம் கட்டினான். வெப்சைட் போட்டான். வாட்ஸ்அப்பில் புக்கிங், கூகுள் பேயில் அட்வான்ஸ். பௌர்ணமிக்கு ரூம் கிடைக்காது, தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். எனக்குப் பெருமைதான். என் பென்ஷனில் கொஞ்சம் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது.

போன தீபத்துக்கு என் சம்பந்தியம்மா தஞ்சாவூரிலிருந்து வருவதாக ஏற்பாடு. அவருக்கு 68 வயது, கூட அவருடைய தங்கையும் தங்கை கணவரும். எங்கள் வீட்டில் ஏற்கெனவே கூட்டம். "தம்பி மகன் ரூமிலேயே தங்கிக்கலாம், நம்ம பையன்தான், தைரியமா புக் பண்ணுங்க" என்று சொன்னது நான். அவர்கள் ஃபாரத்தை நிரப்பினார்கள். மூன்று பேருடைய ஆதாரையும் முன்பக்கம் பின்பக்கம் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். 'சிறப்புத் தேவை ஏதாவது உண்டா' என்ற கட்டத்தில் 'முழங்கால் வலி, கீழ் ரூம் வேண்டும்' என்று சம்பந்தியம்மா எழுதியிருக்கிறார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவருக்கு ஒரு போன். மரியாதையான குரல். "அம்மா, திருவண்ணாமலை ஹோம்ஸ்டேல இருந்து பேசறோம். மூணு பேர் வர்றீங்க இல்லையா? முழங்கால் வலின்னு கீழ் ரூம் கேட்டிருந்தீங்க, ஒதுக்கிட்டோம். தீபக் கூட்டம், நிறைய பேர் கடைசி நேரத்துல கேன்சல் பண்றாங்க. அதனால மீதித் தொகைய இப்பவே கட்டினவங்களுக்குத்தான் ரூம் நிக்கும்." சம்பந்தியம்மா 9,600 ரூபாய் அனுப்பிவிட்டார். முழங்கால் வலி வரை சொல்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்?

இங்கே வந்து இறங்கி, கணக்கு முடிக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. தம்பி மகன் யாரையும் பேசச் சொல்லவில்லை. அந்த நம்பர் அவனுடையது இல்லை.

1930க்குப் போன் செய்தோம். (பணம் போனது தெரிந்த அந்த நிமிஷமே கூப்பிட வேண்டிய நம்பர் இது. தாமதமாகத் தாமதமாகப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.) எங்களுக்கு இரண்டு நாள் தாமதம். புகார் நம்பர் வந்தது, பணம் வரவில்லை. தம்பி மகன் அந்த 9,600ஐ வாடகையில் கழித்துக்கொண்டான், அதைச் சொல்லாவிட்டால் பாவம். சம்பந்தியம்மா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "நீங்க சொன்னீங்கன்னுதான் சம்பந்தி அனுப்பினேன்." கோபமாகக்கூட சொல்லவில்லை.

அன்று ராத்திரி அவன் போனை வாங்கிப் பார்த்தேன். பார்க்கட்டும் என்று அவனே கொடுத்தான், ஒளிக்கிற புத்தி அவனுக்குக் கிடையாது. போட்டோ கேலரியைத் தள்ளத் தள்ள ஆதார், ஆதார், ஆதார். நடுவில் அவன் குழந்தையின் பிறந்த நாள் கேக். மறுபடி ஆதார். கடை திறந்த நாளிலிருந்து வந்து போன அத்தனை பேரும் அதற்குள் இருந்தார்கள். ஈரோட்டுக்காரர், நெல்லூர்க்காரர், மூன்று வருஷம் முன்னால் ஒரே ஒரு ராத்திரி தங்கிய குடும்பம், கைக்குழந்தையின் ஆதார் உட்பட. எண்ணிப் பார்த்தோம். ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.

"இதெல்லாம் எதுக்குடா?"

"கேட்டா காட்டணும் பெரியப்பா."

"யார் கேட்டா?"

"போலீஸ்."

"இதுவரைக்கும் யாராவது கேட்டாங்களா?"

"ரிஜிஸ்தர்தான் கேப்பாங்க."

ரிஜிஸ்தர் தனியாக இருக்கிறது. நோட்டுப் புத்தகம், பெயர், ஊர், எத்தனை பேர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. அது போதும் என்றால் அந்த ஆயிரத்து நூறு எதற்கு? பதில் இல்லை.

அடுத்தது வாட்ஸ்அப் குரூப். 'ரூம் புக்கிங்' என்று பெயர். அதில் ஒன்பது பேர். இவன், இவன் மனைவி, ரூம் சுத்தம் செய்கிற இரண்டு அம்மாக்கள், சமையல்காரர், இரண்டு ஆட்டோக்காரர்கள், போன வருஷம் வேலையை விட்டுப் போன ஒரு பையன், இன்னும் யாரோ ஒருவர். அந்த ஒன்பதாவது ஆள் யார் என்று இவனுக்கே யோசித்துத்தான் சொல்ல முடிந்தது. வெப்சைட் செய்து கொடுத்தவராம். புக்கிங் வந்தவுடன் ஆதார் படங்களோடு அப்படியே குரூப்பில் தள்ளிவிடுவது வழக்கம். புக்கிங் விவரங்கள் எல்லாம் சேரும் கூகுள் ஷீட் ஒன்று உண்டு. அதன் லிங்க்கும் குரூப்பின் தலைப்பிலேயே இருக்கிறது. அந்த லிங்க் யார் கையில் இருந்தாலும் திறக்கும். பாஸ்வேர்ட் கிடையாது. என் போனில் திறந்தேன், திறந்தது. சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி 212ஆம் வரிசையில் இருந்தது.

யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியாமல் ஒருவர் மேல் பழி போடவும் மாட்டேன். நானே வளர்த்துவிட்ட பிள்ளைகள் அந்தக் குரூப்பில் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று சொல்வேன். கதவைத் திறந்து போட்டுவிட்டு, எவன் உள்ளே வந்தான் என்று தேடுவது வீண் வேலை. இதைத்தான் அவனிடம் சொன்னேன். அதிலிருந்துதான் சண்டை.

நான் தபால் இலாகாவில் 36 வருஷம். இந்த விஷயத்தில் என் ரத்தம் கொதிப்பதற்கு அதுவும் காரணம். ஒரு ஊருக்கு எத்தனை ரகசியம் உண்டோ அத்தனையும் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போகும். யாருக்கு மகன் பணம் அனுப்பவில்லை, யாருக்குக் கோர்ட் நோட்டீஸ், எந்தப் பெண்ணுக்கு எந்த ஊரிலிருந்து கடிதம். கார்டு என்றால் உறைகூடக் கிடையாது, எழுத்து கண்ணில் படாமல் முத்திரை குத்த முடியாது. படித்தும் படிக்காத மாதிரி இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் சட்டமும் இருந்தது. 1898ஆம் வருஷத்துத் தபால் சட்டத்தில் 52ஆம் பிரிவு, தபாலைத் திருடினாலோ, மறைத்தாலோ, அழித்தாலோ ஏழு வருஷம் வரை சிறை. புதிதாகச் சேரும் பையனுக்கு அதைச் சொல்லித்தான் பையைக் கையில் கொடுப்போம். (2023இல் புதிய தபால் சட்டம் கொண்டு வந்து 2024 ஜூனில் அமலாக்கினார்களே, அதில் இந்தக் குற்றப் பிரிவுகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். எங்கள் காலத்து ஆட்கள் படித்தால் வயிறு எரியும்.)

1981 என்று ஞாபகம். ஒரு ஆபீஸில் நான் கிளார்க். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார்கள். மாதா மாதம் மணியார்டர் வரும். கொஞ்ச நாளாக ஒரு வட்டிக்காரர், தபால்காரர் பணம் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க ஆரம்பித்தார். பணம் அந்த அம்மாவின் கையில் ஐந்து நிமிஷம்கூடத் தங்கவில்லை. விசாரித்தால், எங்கள் தபால்காரர் ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்து 'இன்னிக்கு இன்னின்னாருக்கு' என்று சொல்லியிருக்கிறார். காசு வாங்கிக்கொண்டு சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. ஒரு டீ, ஒரு வடை, கொஞ்சம் பேச்சு. அந்த வட்டிக்காரர் எதையும் திருடவில்லை. யாருக்குப் பணம், எந்தத் தேதியில், அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

போஸ்ட்மாஸ்டர் மேலிடத்துக்கு எழுதினார். அதோடு விடவில்லை. எட்டு வீட்டுக்கும் அவரே நடந்து போய், 'எங்க ஆபீஸ்ல இருந்துதான் விஷயம் வெளிய போச்சும்மா' என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அப்போது அது அநாவசியமாகப் பட்டது. யாரும் கேட்காதபோது நாமே போய் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும்? அதில் ஒரு அம்மா மறுமாதம் முதல் ஆபீஸுக்கே வந்து பணம் வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் ஆபீஸில் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தக் காகிதத்தை எத்தனை காலம் வைக்க வேண்டும் என்று பட்டியல் இருக்கும். காலம் முடிந்ததும் எடுத்து, குறித்து, அழிக்க வேண்டும். இருக்கட்டுமே என்று வைத்திருந்தால் இன்ஸ்பெக்ஷனில் கேள்வி வரும். தம்பி மகனிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறான். "நீங்க கவர்ன்மென்ட் பெரியப்பா, நாங்க சின்ன ஆளு. நாலு ரூம்."

இந்த 'சின்ன ஆளு' பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கிரிவலப் பாதையில் ரூம் விடுகிறவர், பிரசாதம் கூரியரில் அனுப்புகிறவர், ஹோமத்துக்கு ஆன்லைனில் நட்சத்திரம் கோத்திரம் வாங்குகிறவர், மூலிகைத் தைலம் விற்கிறவர், எல்லோருக்கும் இதே பாட்டு. பெரிய கம்பெனியில் விவரம் கசிந்தால் பேப்பரிலாவது வரும். 2021இல் நம் மாநில ரேஷன் அட்டைக்காரர்கள் சுமார் 50 லட்சம் பேருடைய விவரம் இணையத்தில் கிடக்கிறது என்று செய்தி வந்தது, ஞாபகம் இருக்கும். 2023 ஜூனில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் விவரம் டெலிகிராமில் வருகிறது என்று ஒரே அமளி. நான்கு ரூம்காரரிடம் கசிந்தால்? செய்தி வராது. அவருக்கே தெரியாது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதியது வாங்குவார். வேலையை விட்டுப் போன பையனைக் குரூப்பிலிருந்து எடுக்க மறந்துவிடுவார். ஜெராக்ஸ் கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவார். அது ஒருநாள் பஜ்ஜிக் கடைக்குப் போகும். நான் கண்ணால் பார்த்தேன், கற்பனை இல்லை. தேரடிப் பக்கம் ஒரு கடையில் எனக்கு மடித்துக் கொடுத்த பஜ்ஜியில் யாரோ ஒரு அம்மாவின் போட்டோவும் முகவரியும் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன.

அவன் வெப்சைட்டில் 'பிரைவசி பாலிசி' என்று ஒரு பக்கம்கூட இருக்கிறது. முழுக்க இங்கிலீஷ். பேரனை விட்டுப் படிக்கச் சொன்னேன். கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு உள்ள உரிமைகள் என்று ஒரு பத்தி ஓடுகிறது. வெப்சைட் செய்தவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார். கலிஃபோர்னியாக்காரருக்கு அவ்வளவு உரிமை, தஞ்சாவூர்க்காரருக்கு ஒரு வரி இல்லை. ஆதாரைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நமக்குச் சட்டம் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எதற்காக விவரம் கேட்கிறாய் என்று முதலிலேயே சொல்ல வேண்டும், அதைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். எட்டாவது அட்டவணை மொழி எதில் வேண்டுமானாலும் கேட்க நமக்கு உரிமை உண்டு. காரியம் முடிந்தால் அழிக்க வேண்டும். கசிந்தால் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பு செய்யாமல் விட்டால் அபராதம் 250 கோடி வரை. படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. விதிகள் வந்ததே 2025 நவம்பரில்தான். முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம், அதாவது 2027 மே. அதுவரை?

இன்னொன்று கேளுங்கள். அந்த அபராதப் பணம் நேராக மத்திய அரசின் கஜானாவுக்குப் போகிறது. ஏமாந்தவருக்கு ஒரு பைசா கிடையாது. பழைய ஐ.டி. சட்டத்தில் நஷ்டஈடு கேட்க 43ஏ என்று ஒரு பிரிவு உண்டு. புதுச் சட்டம் முழுதாக அமலாகும்போது அதையும் எடுத்துவிடுவார்கள். வெறுமனே பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் போடவும் அதில் இடம் இருக்கிறது. நம் சம்பந்தியம்மா 9,600 ரூபாயை விட்டுவிட்டு, டெல்லியில் இருக்கிற போர்டுக்கு ஆன்லைனில் மனு போட்டு, கடைசியில் கஜானாவுக்கு வருமானம் தேடிக் கொடுக்க வேண்டும். இதை எழுதியவர்கள் ஒருநாளாவது மணியார்டர் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆதார் விஷயத்தில் அரசே தெளிவாகப் பேசவில்லை. 2022 மே 27ஆம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், 'ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தலாம், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்' என்று அறிக்கை விட்டது. நல்ல அறிக்கை. இரண்டே நாளில், மக்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லி அதை வாபஸ் வாங்கினார்கள். ஆனால் அந்த மறைக்கப்பட்ட ஆதார் இன்றைக்கும் இருக்கிறது. ஆணையத்தின் வெப்சைட்டில் இறக்கும்போது 'மாஸ்க்ட்' என்று ஒரு கட்டம் வரும், அதை டிக் செய்தால் போதும். முதல் எட்டு எண் மறைந்திருக்கும். எங்கள் தெருவில் பதினோரு பேருக்கு இதுவரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், டீ மட்டும்தான் கூலி.

தம்பி மகனை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை, நம்மையும் சொல்ல வேண்டும். நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பழக்கம். கவுன்ட்டரில் யாராவது 'ஐடி' என்று வாயைத் திறப்பதற்குள் பையிலிருந்து ஆதார், பான், ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பி, எது வேண்டுமோ எடுத்துக்கோப்பா என்போம். வரிசையில் நின்று நின்று வந்த பயம். பேப்பர் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று. அந்தப் பயத்தை உண்டாக்கியதில் எங்கள் கவுன்ட்டர்களுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை.

'என்கிட்ட மறைக்க என்ன இருக்கு, நான் என்ன கறுப்புப் பணமா வெச்சிருக்கேன்' என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல மனிதர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவரிடம் அந்த ஷீட்டில் ஒரு வரியைச் சொல்லிக் காட்டினேன். தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பம், ஐந்து பேர், வீட்டு முகவரி, மூன்று நாள் தங்கல். இந்த வரியைத் திருடன் எப்படிப் படிப்பான்? 'தாம்பரத்தில் இந்த முகவரியில் மூன்று நாள் வீடு பூட்டிக் கிடக்கும்.' அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, போன மாதம் மகள் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனபோது தானும் அப்படித்தான் அனுப்பியதாகச் சொன்னார்.

இந்த நாட்டில் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வழக்கைப் போட்டவர் யார் தெரியுமா? கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ரிட்டயர் ஆனவர். 2012இல் வழக்குப் போட்டபோது அவருக்கு வயது 86. நம்மைவிடப் பெரியவர். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் யாரும் போடவில்லை, ஒரு பென்ஷன்காரர் போட்டார். அதே ஆதார் வழக்கில் 2018 செப்டம்பரில் வந்த தீர்ப்பில், தனியார் கம்பெனிகள் ஒப்பந்தம் என்ற பெயரில் ஆதாரைக் கேட்க வழி செய்த 57ஆம் பிரிவைச் செல்லாது என்றார்கள். தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது. அடி அண்ணாமலையில் நான்கு ரூம் வைத்திருக்கிறவர் 'ஆதார் இல்லாம ரூம் இல்ல' என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறார்.

வெளிநாட்டுக்காரர்கள் விஷயம் வேறு, அதைக் குழப்பக்கூடாது. ரமணாசிரமத்துக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் எங்கள் பக்கம் தங்குகிறார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட், விசா விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். அது சட்டம். எந்த விவரம், யாருக்கு, எத்தனை நேரத்துக்குள் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. உள்ளூர்க்காரருக்கு அப்படி எதுவும் எழுதப்படாததால்தான் ஆளாளுக்கு இஷ்டப்படி வாங்கி, இஷ்டப்படி வைத்துக்கொள்கிறார்கள். வருகிறவர் அடையாளத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்க்கட்டும். பெயர் சரியா, முகம் சரியா என்று பார்த்துவிட்டு ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டு கார்டைத் திருப்பிக் கொடுக்கட்டும். படம் எடுத்து வருஷக்கணக்கில் பேரக் குழந்தை போட்டோவோடு சேர்த்து வைத்துக்கொள்வது எதற்கு? ஆட்டோக்காரருக்கு வேண்டியது எத்தனை மணிக்கு எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்பது. அவருக்கு எதற்கு அப்பா பெயரும் பிறந்த தேதியும்?

இத்தனையும் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். ஆயிரத்து நூறு படத்தையும் அழித்தான். அழித்தது எல்லாம் குப்பைத் தொட்டி மாதிரி ஒரு இடத்தில் போய் ஒரு மாதம் உட்கார்ந்திருக்கிறது, அது எனக்குத் தெரியாது, பேரன்தான் சொன்னான். அதையும் காலி செய்தோம். கூகுள் போட்டோஸில் இன்னொரு பிரதி. அங்கேயும் ஒரு தொட்டி. ஷீட்டைப் பூட்டினான். கலிஃபோர்னியாவை எடுத்துவிட்டு நான் எழுதிக் கொடுத்த ஆறு வரித் தமிழைப் போட்டான். குரூப்பைக் கலைத்துவிட்டுப் புதிதாக மூன்று பேரோடு தொடங்கினான். பழைய குரூப்பில் இருந்த ஒன்பது போனிலும் படங்கள் இருக்கின்றனவே, அதற்கு என்ன செய்ய? ஆறு பேர் எதிரிலேயே அழித்துக் காட்டினார்கள். ஒரு ஆட்டோக்காரர் போனை மாற்றிவிட்டார், பழையதை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் 1,500 ரூபாய்க்குக் கொடுத்தாராம்.

இதுவரைக்கும் சமாதானம்தான். சண்டை எதில் என்றால், தீபத்துக்குத் தங்கிய எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லு என்றேன். 'எங்களிடம் கொடுத்த விவரம் வெளியே போயிருக்கிறது, எங்கள் பெயரில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்' என்று ஒரு மெசேஜ். அவன் மாட்டேன் என்றான்.

"சொன்னா பேர் கெட்டுடும் பெரியப்பா. கூகுள்ல ஸ்டார் போயிடும். பக்கத்து ஹோம்ஸ்டேக்காரன் காத்துக்கிட்டிருக்கான்."

"உன் ஸ்டாருக்காக இன்னும் எத்தனை பேர் பணத்த விடணும்?"

"எல்லாருக்கும் போன் வந்திருக்கும்னு என்ன நிச்சயம்? சம்பந்தியம்மாக்கு மட்டும்தானே வந்துச்சு?"

இப்படியே மூன்று மாதம் போயிற்று. அவன் நிலைமையும் எனக்குப் புரிகிறது. லோன் இருக்கிறது, குழந்தைக்குப் பள்ளிக்கூடம். ஆனால் எட்டு வீட்டுக்கு வெயிலில் நடந்துபோன அந்தப் போஸ்ட்மாஸ்டருக்கும் குடும்பம் இருந்தது.

போன வாரம் அவனே வந்தான். எழுதிக் கொடுங்க என்றான். என்ன மனசு மாறியதோ, நான் கேட்கவில்லை. நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். தீபத்துக்குப் புக் செய்திருந்த முப்பத்தெட்டு குடும்பத்துக்கு, என் எதிரிலேயே, ஒவ்வொன்றாக அனுப்பினான். சிலர் கட்டை விரல் போட்டார்கள். சிலர் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். ஒருவர் 'நன்றி சார்' என்றார். ஸ்டார் எதுவும் போகவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்குத் திருப்பூரிலிருந்து ஒரு அம்மா குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவன் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் நீட்டினான்.

"தம்பி, எங்களுக்கும் அந்தப் போன் வந்துச்சு. ஏழாயிரம் அனுப்பினோம். அங்க வந்தப்போ நீங்க மறுபடி முழு வாடகையும் கேட்டீங்க. நீங்கதான் ரெண்டு தடவ வாங்குறீங்கன்னு நெனச்சு, சாமி பாக்க வந்த எடத்துல எதுக்குச் சண்டைன்னு பேசாம கொடுத்துட்டு வந்துட்டோம்."